ஒலிபெருக்கியில் இருப்பவள்

லபுவான் ஜாத்தித் துறையில் கப்பலேறியவர்கள் யாருக்கும் வினார்சியின் முகம் தெரியாது. குரல் தெரியும். பத்தொன்பது வருடமாக அந்தக் குரல்தான் அவர்களை வரிசையில் நிற்க வைத்தது, லாரிக்காரர்களை இன்ஜினை அணைக்கச் சொன்னது, பெஞ்சில் மறந்து வைத்த பைகளுக்கு உரியவர்களைத் திரும்ப வரவழைத்தது. "அன்புள்ள பயணிகளே" என்று அவள் ஆரம்பித்தால், கோழிக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன்கூட ஒரு கணம் நிற்பான். நின்று கேட்டுவிட்டு மறுபடி ஓடுவான், அது வேறு விஷயம்.

அந்தக் குரலைப் பற்றி லாரிக்காரர்கள் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். ஜகார்த்தா ரேடியோவில் இருந்தவள் என்றான் ஒருவன். இல்லையில்லை, இன்னும் கல்யாணம் ஆகாதவள், குரலைக் கேட்டாலே தெரியவில்லையா என்று அடித்துச் சொன்னான் இன்னொருவன். அவளோ எதிர்க்கரைத் தீவுக்காரி. நாற்பத்தொரு வயது, குதிகாலில் வெடிப்பு, வீட்டில் இரண்டு மகள்கள். காலை ஐந்தே முக்கால் கப்பலில் இக்கரைக்கு வருவாள், மாலை நான்கு மணிக் கப்பலில் வீடு திரும்புவாள். அவள் கணவன் சப்தோனோ அதே நிறுவனத்தின் கப்பல்களில், ஏறும் லாரிகளைச் சங்கிலி போட்டுத் தளத்தோடு கட்டுகிற வேலைக்காரன். அவனுக்கு ஆண்டுக்கொரு ஒப்பந்தம், இவளுக்கு நிரந்தர வேலை. குடும்பத்தில் அந்த விஷயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சின்ன வயதில் அவளை வாயாடி என்று அம்மா திட்டாத நாள் கிடையாது. அப்புறம் பள்ளியில் குர்ஆன் ஓதும் போட்டியில் வட்டார அளவில் இரண்டாம் பரிசு வாங்கினாள். அன்றிலிருந்து அதே வாய்க்கு நல்ல பெயர். டிக்கெட் கிழிக்கும் வேலைக்கு வந்தவளை, பழைய அறிவிப்பாளருக்குக் குரல் கட்டிக்கொண்ட ஒரு பெருநாள் கூட்டத்தில் மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். பிறகு எழுப்பவே இல்லை. பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிற பெண் அந்த வட்டாரத்திலேயே அவள் ஒருத்திதான். எழுதிக் கொடுத்ததைப் பேசுகிற வரைக்கும் அவள் பேச்சில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை.

எழுதிக் கொடுத்த தாளில் மொத்தம் பதினான்கு வரிகள். பத்தாவது வரி இது: "உயிர்காப்புச் சட்டைகள் பயணிகள் அனைவருக்கும் போதுமான அளவில் கப்பலில் வைக்கப்பட்டுள்ளன." வினார்சிக்கு அந்த வரி பிடிக்கும். அதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் இறக்கி, பயந்தவர் தோளில் கை வைப்பது போலச் சொல்வாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மேற்குக் காற்று அடிக்கிற ஜனவரியில் ஒரு நாள் மாலை, மூன்றாம் எண் கப்பலில் வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். நடுக்கடலில் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிராமல் கொஞ்ச நேரம் அப்படியே போயிற்று. வயதான ஒரு பெண் இவளுடைய சீருடையைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். வினார்சி பெருமையாகத்தான் கூட்டிப் போனாள். மேல்தளத்தின் பின்பக்கம் ஒலிபெருக்கிக்குக் கீழே ஆரஞ்சு வண்ணப் பெட்டி, அதன் மேல் ஐம்பது என்று எழுதியிருந்தது. மூடியைத் தூக்கினாள். பெயின்ட் டப்பாக்கள், எண்ணெய் துடைத்த துணிகள், ஒரு உடைந்த விளக்குமாறு. அடியில் ஒன்பது சட்டைகள் கிடந்தன. அதில் பாதிக்கு நாடா இல்லை.

அந்தப் பெண் உள்ளே பார்த்தாள். வினார்சியைப் பார்த்தாள். கப்பல் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. வினார்சி மூடியை இறக்கினாள். அவளுக்கு முகம் எரிந்தது, அவமானம் என்றால் அப்படியொரு அவமானம். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்தொன்பது வருடம். ஊரைக் கூட்டிப் பொய் சொன்னவள் தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது. மற்ற கப்பல்களிலும் ஒவ்வொரு நாளும் ஒரு பெட்டியாகத் திறந்து பார்த்தாள். ஒன்றிலாவது சொன்ன கணக்கு இருந்திருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும்.

திங்கட்கிழமைகளில் காலை ஏழு மணிக்குத் துறை ஊழியர்கள் எல்லாரும் கொடிக்கம்பத்துக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். துறை மேலாளர் பாக் குந்தோரோ பத்து நிமிடம் பேசுவார். எங்கள் பக்கத்தில் ஆணை மரியாதையாக பாக் என்போம், பெண்ணை இபு என்போம். கடைசியில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வேற ஏதாவது கருத்து உண்டா?" என்று கேட்பார். எல்லாரும் சேர்ந்து "போதும் பாக்!" என்பார்கள். அத்தோடு கலைந்துவிடுவார்கள். இதைக் கேள்வி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் பக்கத்தில் வாசலோடு போகிறவரைப் பார்த்து "உள்ள வந்துட்டுப் போங்களேன்" என்போம் அல்லவா, அந்த மாதிரி. கூப்பிடுவது மரியாதை. உண்மையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டால் வீட்டுக்காரருக்குத் திண்டாட்டம்.

வினார்சி செருப்பைக் கழற்றிவிட்டாள். கையைத் தூக்கினாள்.

"பாக், ஒண்ணு சொல்லணும்."

"போதும்" என்று பாதி வாயைத் திறந்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"மூணாம் நம்பர் கப்பல்ல மேல் பெட்டியில அம்பது லைஃப் ஜாக்கெட்டுன்னு எழுதியிருக்கு. உள்ள ஒன்பதுதான் இருக்கு. மத்த கப்பல்லயும் பாத்துட்டேன், இதே கதைதான். நான் தினமும் மைக்ல எல்லாருக்கும் இருக்கு இருக்குன்னு சொல்லிட்டிருக்கேன். பொய் சொல்ற மாதிரி இருக்கு பாக்."

முதலில் பதில் சொன்னவர் பாக் தோஹிர். பாதுகாப்புப் பிரிவின் தலைவர் அவர்.

"இபு, வீட்டுல மிளகா டப்பாவ எண்ணி வைக்கிற பழக்கத்துல இங்கயும் எண்ண ஆரம்பிச்சிட்டீங்களா?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. பின்னாலிருந்து எவனோ, "பாவம்டா சப்தோனோ, அவன் வீட்டுக்கு மைக்கே தேவையில்ல" என்றான். சப்தோனோ அந்த வரிசையில்தான் நின்றான். அவனும் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வான்?

பாக் குந்தோரோ சிரிக்கவில்லை. அவர் மரியாதை தெரிந்த மனிதர். "இபு சப்தோனோ, உங்க அக்கறைக்கு ரொம்ப நன்றி. பெண்களுக்கு இளகின மனசு, சட்டுனு பயந்துடுவாங்க, அது இயற்கைதான். குறிச்சு வச்சுக்கிறோம்" என்றார். "வேற ஏதாவது கருத்து உண்டா?"

"போதும் பாக்!"

பத்தொன்பது வருடமாக அவள் அந்த இடத்தில் இபு வினார்சி. அன்றைக்கு ஏழு மணி பன்னிரண்டு நிமிடத்தில் கணவன் பெயரால் இபு சப்தோனோ ஆனாள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. அதற்கு முந்தின வருடம் இதே தோஹிர், அப்போது இன்ஜின் அறை ஆள், இதே கொடிக்கம்பத்துக்கு முன்னால் வரிசையை விட்டு வெளியே வந்து கத்தியிருக்கிறார். "அந்த லாரி ஏத்துற சாய்பலகைச் சங்கிலி அறுந்து எவனாவது செத்தா நீங்களா வந்து பொதைப்பீங்க?" என்று கேட்டார். "பாக்" என்றுகூடச் சேர்க்கவில்லை. தொப்பியைத் தரையில் அடித்தார். குந்தோரோ அவர் தோளில் தட்டி, "இதுதான் ஆம்பளைங்கறது. பொறுப்புள்ளவனுக்குத்தான் கோபம் வரும்" என்றார். இரண்டு மாதத்தில் பாதுகாப்புப் பிரிவை அவரிடம் கொடுத்தார்கள். அன்று கை தட்டியவர்களில் வினார்சியும் ஒருத்தி. நல்ல காரியம் என்று நினைத்துத்தான் தட்டினாள். நல்ல காரியம்தானே.

தொழுகை அறையில் டிக்கெட் கவுன்டர் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். "அக்கா, நல்லாக் கேட்டீங்க. ஆனா கேட்டிருக்க வேணாம்" என்றார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

மூன்று வாரம் பொறுத்தாள். பெட்டிகள் அப்படியே இருந்தன. ஒரு கடிதம் எழுதி மேலாளர் அறையில் கொடுத்தாள். சம்பந்தப்பட்ட பிரிவுக்கு என்று அதை தோஹிருக்கே அனுப்பிவிட்டார்கள். அவர் கேன்டீனில் அவளைப் பார்த்து, "கடிதம் கிடைச்சது இபு. என்ன அழகான கையெழுத்து! முத்து முத்தா" என்றார். நக்கலடிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தாள். உண்மையாகத்தான் பாராட்டினார். அது இன்னும் மோசம்.

மறுநாள் காலை அறிவிப்பில் ஒன்பதாவது வரியிலிருந்து பதினொன்றாவது வரிக்குத் தாவினாள்.

யாராவது ஓடிவந்து கதவைத் தட்டுவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் வரவில்லை. அடுத்த கப்பலுக்கும் அப்படியே செய்தாள். அடுத்த நாளும். பதினொரு நாள் அந்த வரி இல்லாமல் துறை நடந்தது. ஒரு ஆள் கவனிக்கவில்லை. இத்தனை வருடம் எல்லாரும் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. திட்டினால்கூடத் தாங்கியிருப்பாள்.

பன்னிரண்டாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஒருவர் காபி குடித்துக்கொண்டே, உயிர்காப்பு வரி வரவில்லையே என்று கேட்டிருக்கிறார். குந்தோரோ உடனே ஆளனுப்பினார். ஆனால் வினார்சியிடம் அல்ல. அவள் அறிவிப்பு அறை அவருடைய அறைக்கு அடுத்த அறை, நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். ஆள் போனது கப்பல் தளத்தில் சங்கிலி இழுத்துக்கொண்டிருந்த சப்தோனோவிடம்.

அன்று மாலை வீட்டில் சப்தோனோ கை கால் கழுவிவிட்டு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான். அவள் சோற்றைப் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"குந்தோரோ கூப்பிட்டாரு."

"உன்னையா?"

"என்னையத்தான். உக்கார வச்சு டீ குடுத்தாரு. பேர் சொல்லிக் கூப்பிட்டாரு, என் பேர் அவருக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாது. உங்க சம்சாரத்தக் கொஞ்சம் வழிநடத்துங்கன்னு சொன்னாரு."

"நான் பக்கத்து ரூம்லதான இருந்தேன். எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அத நான் எப்படிக் கேப்பேன்?" சப்தோனோ கருவாட்டை எடுத்துத் தட்டில் வைத்தான், சாப்பிடவில்லை. "என் ஒப்பந்தம் மார்ச்சோட முடியுது வின். பெரியவளுக்கு இந்த வருசம் படிப்பு முடியணும். ஒரு வரிதான? வாசிச்சிட்டுப் போயேன்."

"அது பொய்யி."

"பொய்தான். எனக்குத் தெரியாதா? நாளெல்லாம் அந்தக் கப்பல்லதான நான் கெடக்கேன். அந்தப் பெட்டிக்குள்ள பெயின்ட் டப்பாவ எடுத்து வச்சதே நான்தான், வைக்கச் சொன்னாங்க வச்சேன். தளத்துல இருக்கிற அத்தன பேருக்கும் தெரியும். எவனாவது வாயத் தொறந்தானா? உனக்கு மட்டும் என்ன?"

வினார்சிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வருமென்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. காதுக்குள் தண்ணீர் புகுந்துகொண்டது போல எல்லாம் தூரத்தில் கேட்டது. கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். "சாப்பிடு, ஆறிடும்" என்றாள். அவளுக்குள் எதுவோ மரத்துப்போனது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். குந்தோரோவின் அறையிலும் அல்ல, கொடிக்கம்பத்துக்கு முன்னாலும் அல்ல, சொந்த அடுப்படியில்.

மறுநாள் மைக் முன்னால் உட்கார்ந்தாள். பத்தாவது வரி வந்தது. வாசித்துவிடலாம் என்றுதான் வந்திருந்தாள். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பொத்தானை அழுத்தியபடி அப்படியே இருந்தாள். துறை முழுவதும் ஒலிபெருக்கிகள் அரை நிமிடம் வெறும் காற்றை ஊதின.

இந்தத் தடவை குந்தோரோ நேரில் வந்தார், கையில் ஒரு தட்டு வெட்டிய பப்பாளியோடு. "பத்தொன்பது வருசம் தொண்டைய வருத்திட்டீங்க இபு. ஓய்வு வேணாமா?" என்றார். சாப்பாட்டுப் பிரிவுக்கு மாற்றல் என்றார். கூட்டங்களுக்குச் சிற்றுண்டிப் பெட்டி கட்டுவது, விருந்தினருக்குத் தேநீர். சம்பளத்தில் கை வைக்கவில்லை. எங்கள் ஊரில் எந்தக் கூட்டம் போட்டாலும், சாவு வீடோ சுதந்திர தினமோ, ஒரு குழு அமைத்தால் அதில் சாப்பாட்டுப் பிரிவு ஒன்று இருக்கும். அதில் பெண்களைப் போடுவார்கள். யாரும் யோசித்துப் போடுவதில்லை, அது தானாக விழும். "பெண்களுக்குப் பொருத்தமான இடம், மனசுக்கு நிம்மதி" என்றார் குந்தோரோ. அவர் அதை நம்பிச் சொன்னார். அந்த மனிதரிடம் வஞ்சம் என்று ஒரு துளி கிடையாது. அதனால்தான் அவரை வெறுக்கவும் முடியவில்லை.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்கால் கப்பல் துறையை நெருங்கும்போது, தண்ணீரைக் கடந்து அந்தக் குரல் வந்தது. "அன்புள்ள பயணிகளே, லபுவான் ஜாத்தித் துறை உங்களை அன்புடன் வரவேற்கிறது." வினார்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நல்ல குரல். நிதானமான, சிரித்த முகமுள்ள குரல். அது தன்னுடையது என்று புரிய நாலைந்து வரி ஆயிற்று.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நோன்புப் பெருநாள் கூட்டத்தின்போது, அவள் காய்ச்சலில் விழுந்தால் உதவும் என்று சொல்லி எல்லா வரிகளையும் பதிவு செய்து வாங்கியிருந்தார்கள். இப்போது அதைத் துறையிலும் போட்டார்கள், கப்பல்களுக்குள்ளேயும் போட்டார்கள். பத்தாவது வரி வந்தது. "உயிர்காப்புச் சட்டைகள் பயணிகள் அனைவருக்கும்..." குரலைக் கொஞ்சம் இறக்கி, தோளில் கை வைத்த மாதிரி.

"அக்கா, உங்களுக்கு யோகம்தான்! இனிமே லீவு போட்டாலும் நீங்க வேலையில இருக்கீங்க" என்றாள் கவுன்டர் பெண் ஒருத்தி. நல்ல மனதோடு சொன்னாள். வினார்சி தலையாட்டினாள்.

சாப்பாட்டுப் பிரிவு வேலை கஷ்டமில்லை. ஒரு பெட்டிக்கு வாழையிலையில் சுருட்டிய ஒட்டரிசிச் சோறு ஒன்று, பொரித்த டோஃபு ஒன்று, அதைக் கடித்துக்கொள்ள ஒரு பச்சை மிளகாய், ஒரு பிளாஸ்டிக் குவளைத் தண்ணீர். மூடியை மடித்து அதன் அட்டைக் காதைச் செருக வேண்டும். அவள் செருகினாள். மேலே கூரையில் அவள் பேசிக்கொண்டிருந்தாள், கீழே அவள் மிளகாய் வைத்துக்கொண்டிருந்தாள். முதல் வாரம் அந்தக் குரல் வரும்போதெல்லாம் கை நின்றது. அப்புறம் நிற்கவில்லை. சாப்பாட்டில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் தெரியவில்லை. சின்ன மகள் பள்ளிக் கதை சொன்னால் "ம்" என்பாள். முடிந்த பிறகும் "ம்" என்பாள்.

எல்லாருக்கும் அவளைப் பிடித்துப்போனது. "இபு இப்ப எவ்வளவு சாந்தமாயிட்டாங்க" என்றார்கள். தோஹிர் அவளுக்கு ஒரு கூடை மாம்பழம் கொடுத்தனுப்பினார். சப்தோனோவின் ஒப்பந்தம் நீண்டது. அவன் வீட்டில் பாத்திரம்கூடத் தேய்த்தான். அவள் பார்க்காத நேரத்தில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எதையோ கேட்க வாயெடுப்பான், கேட்க மாட்டான்.

மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, வரிசையில் கடைசியில் தேநீர்த் தட்டுகளோடு நின்றிருந்தாள். குந்தோரோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வழக்கம் போலக் கேட்டார்.

"போதும் பாக்!" என்றது கூட்டம்.

அதில் தன் குரலும் இருந்ததை வினார்சி கேட்டாள். வெட்கப்பட வேண்டும் என்று நினைத்தாள். தேநீர் ஆறிப்போகும் என்பதுதான் நினைவுக்கு வந்தது.

ஆகஸ்டில் கிழக்குக் காற்று. அன்று மாலை நான்கு மணிக்கு மூன்றாம் எண் கப்பல் கிளம்பும்போதே அலை தூக்கிப் போட்டது. மேல்தளத்து அறையில் கூட்டம் நெரிந்தது, உட்கார இடமில்லை. வினார்சி பின்பக்கம் போய், ஆரஞ்சுப் பெட்டிக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து நின்றாள். தலைக்கு நேர் மேலே ஒலிபெருக்கி. முன் பெஞ்சில் ஒரு இளம் தம்பதி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். மனைவியின் மடியில் நாலைந்து மாதக் குழந்தை. அவன் போனில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கப்பல் ஒருமுறை நன்றாகச் சாய்ந்து எழுந்தது. யாருடைய பையோ விழுந்த சத்தம். அந்தப் பெண் திரும்பி வினார்சியைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க அடிக்கடி போறவங்களா? லைஃப் ஜாக்கெட்லாம் எங்க இருக்கும்?"

வினார்சி பதில் சொல்வதற்குள் மேலே மணி ஒலித்தது. "அன்புள்ள பயணிகளே..." குரல் வந்தது. வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. பத்தாவது வரி வந்தது.

"கேட்டல்ல? எல்லாருக்கும் இருக்காம். சும்மா பயந்து சாகாத" என்றான் கணவன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்ல" என்றாள் வினார்சி. தேய்ந்த குரல். ஆறு மாதமாகப் புழங்காத குரல், கரகரவென்று வந்தது. "எல்லாருக்கும் இல்ல தம்பி. இந்தப் பெட்டியில ஒன்பதுதான் இருக்கு."

அவன் திரும்பி அவளை மேலிருந்து கீழ் வரை பார்த்தான். எண்ணெய் வாடை அடிக்கிற சமையல் மேலங்கி, வெடித்த பாதம்.

"கப்பல் கம்பெனி சொல்றத விட உங்களுக்குத் தெரியுமோ? ஏங்க கொழந்தக்காரிய வேற பயமுறுத்துறீங்க?" பிறகு மனைவி பக்கம் திரும்பி, இவளுக்கும் கேட்கும்படியாகவே சொன்னான்: "சில பொம்பளைங்களுக்கு வாய் சும்மா இருக்காது. மேல பேசுனா பாரு அந்தம்மா, எவ்வளவு பதமா, மரியாதையா! பொம்பள பேசுனா அப்படிப் பேசணும்."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் பந்தாட்டத்துக்குத் திரும்பிவிட்டான். குழந்தை கொட்டாவி விட்டது.

வினார்சி சுவரில் சாய்ந்தே நின்றாள். அது என் குரல்தான் தம்பி என்று சொல்லலாம். சிரிப்பான். அவளுக்கு அவன் மேல் கோபம்கூட இல்லை. குழந்தையின் உள்ளங்கால் மட்டும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது, தாயின் முழங்கைக்குக் கீழே, நடந்தே பழகாத கால். கப்பல் மறுபடி சாய்ந்தது. இந்தத் தடவை எழ நேரமெடுத்தது.

அவள் வயிற்றிலிருந்து மூச்சை இழுத்தாள். பத்தொன்பது வருடம் இழுத்த மாதிரி.

"அன்புள்ள பயணிகளே."

கப்பல் அறை அமைதியானது.

"இந்தத் தளத்தின் பின்பக்கம் உள்ள ஆரஞ்சுப் பெட்டியில் ஒன்பது உயிர்காப்புச் சட்டைகள் மட்டுமே உள்ளன. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் முதலில் எடுத்துக்கொள்ளும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

நிதானமான குரல். முகம் சிரித்த குரல். அறையிலிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள்.

"கேட்டியா? ஒன்பதுதானாம்!" அந்த இளைஞன் போனைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு எழுந்தான். "கொழந்தைக்கு மொதல்லன்னு சொல்லுது பாரு. எந்திரி, எந்திரி!"

அவன் மனைவி எழவில்லை. அவள் ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை. வினார்சியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பெட்டிக்கு வந்தான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா. வழிய மறைச்சுக்கிட்டு."

வினார்சி தள்ளி நின்று, பெட்டியின் மூடியை அவனுக்காகத் தூக்கிப் பிடித்தாள்.